'லைக்': ஒரே வார்த்தைக்கு எட்டு வேலை! ஆபீஸ் மெயில் முதல் கோர்ட் வரை அர்த்தம் எப்படி மாறுகிறது?

'ஷி வாஸ் லைக், ஐ டோன்ட் லைக் பீப்பிள் லைக் ஹிம்.'

ஒரே வாக்கியத்தில் மூன்று 'லைக்'. மூன்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. ஆனால் வேலை மட்டும் வேறு வேறு. இதை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அவனை மாதிரி ஆளுங்களை எனக்குப் பிடிக்காது'ன்னா. 'ன்னா', 'பிடிக்காது', 'மாதிரி' என்று மூன்று வேலைக்கு மூன்று தனித்தனிச் சொற்களைத் தமிழ் பயன்படுத்துகிறது. ஆங்கிலத்தில் மூன்றையும் 'லைக்' ஒன்றே பார்த்துக்கொள்கிறது.

ஒரு நாளில் நாம் எத்தனை முறை இந்த வார்த்தையைத் தொடுகிறோம், எழுதுகிறோம், கேட்கிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனாலும் இன்டர்வியூவில், கிளையன்ட் மெயிலில், ஹெச்.ஆர். பாலிசியில் இந்தச் சின்ன வார்த்தை பலரைத் தடுமாற வைக்கிறது. சில நாடுகளில் வேலை பறிபோவது வரை போயிருக்கிறது. எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்? பார்ப்போம்.

'லைக்' எங்கிருந்து வந்தது?

இந்த வார்த்தையின் வேர் கொஞ்சம் விநோதமானது. பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்று ஒலித்த சொல்லுக்கு 'உடல்', 'உருவம்' என்று பொருள். ஜெர்மன் மொழியில் பிணத்தைக் குறிக்கும் 'லைஷ' என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

'அதே உருவம் கொண்டது' என்ற பொருளில் வந்த 'கெலீச்' என்ற சொல்தான் காலப்போக்கில் தேய்ந்து, 'போன்ற' என்ற பொருளில் 'லைக்' ஆனது. 'ஃப்ரெண்ட்லி', 'குயிக்லி' போன்ற சொற்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'லி'யும் இதே வேரிலிருந்து வந்ததுதான். 'சச்', 'விச்', 'ஈச்' ஆகிய மூன்றுக்குள்ளும்கூட இந்தப் பழைய 'லீச்' ஒளிந்திருக்கிறது.

'பிடிக்கும்' என்ற பொருள் தரும் வினைச்சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய ஆங்கிலத்தில் 'லீக்கியன்' என்றால் 'மகிழ்விப்பது'. அப்போது 'நான் அதை லைக் பண்றேன்' என்ற அமைப்பு கிடையாது. 'அது எனக்கு லைக் ஆகிறது' என்றுதான் வாக்கியம் அமையும். அதாவது, நம்ம 'எனக்குப் பிடிக்கும்' இருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான்! தமிழில் 'நான்' என்று வராமல் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் வருகிறது இல்லையா? பழைய ஆங்கிலமும் அப்படித்தான் பேசியது.

மத்திய கால ஆங்கிலத்தில் இந்த அமைப்பு மெல்ல மாறத் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் காலத்திலும் பழைய வடிவம் முழுசா மறையவில்லை. 'ஹாம்லெட்' நாடகத்திலேயே அதைப் பார்க்கலாம். ஸ்பானிஷ் மொழியில் இன்றும் பிடிக்கிற பொருள்தான் எழுவாய். ஃபேஸ்புக் பட்டனில் ஸ்பானிஷ்காரர்கள் பார்க்கும் 'மே குஸ்தா' என்பதும் சொல்லுக்குச் சொல் 'எனக்குப் பிடித்திருக்கிறது'தான்.

அந்த எட்டு வேலைகள் என்னென்ன?

சிம்பிளா ஒரு பட்டியல்:

1. வினைச்சொல்: 'ஐ லைக் ஃபில்டர் காபி'. பிடிக்கும்.

2. பெயர்ச்சொல்: 'லைக்ஸ் அண்ட் டிஸ்லைக்ஸ்', அதாவது விருப்பு வெறுப்பு. போஸ்டுக்கு விழும் 'லைக்'கும் இந்த வகைதான்.

3. முன்னிடைச்சொல், அதாவது ப்ரிபொசிஷன்: 'ஷி சிங்ஸ் லைக் ஹெர் மதர்'. அம்மா மாதிரியே பாடுகிறாள். தமிழ் இலக்கணத்தில் இந்த வேலையைச் செய்பவை உவம உருபுகள். தொல்காப்பியம் இதற்காக 'உவமவியல்' என்று ஒரு தனி இயலே வைத்திருக்கிறது.

4. பெயரடை: ஸ்கூல் அல்ஜீப்ராவில் படித்த 'லைக் டெர்ம்ஸ்', காந்தப் பாடத்தில் வந்த 'லைக் போல்ஸ்' நினைவிருக்கிறதா? ஒத்த உறுப்புகள், ஒத்த துருவங்கள். 'லைக் மைண்டட்' என்றால் ஒத்த கருத்துள்ளவர்கள். இங்கே 'பிடிக்கும்' என்ற பொருளுக்கு இடமே இல்லை.

5. இணைப்புச்சொல்: 'டூ இட் லைக் ஐ டோல்ட் யூ'. நான் சொன்ன மாதிரி செய். பேச்சில் சகஜம். எழுத்தில் இது பெரிய சண்டையே கிளப்பியது. அதற்குக் கீழே வருவோம்.

6. வினையடை: 'இட்ஸ் மோர் லைக் டென் கிலோமீட்டர்ஸ்'. சரியாகச் சொன்னால், கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர்.

7. பின்னொட்டு: 'சைல்ட்லைக்', 'ட்ரீம்லைக்'. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'சைல்ட்லைக்' பெரும்பாலும் பாராட்டு: குழந்தை உள்ளம். 'சைல்டிஷ்' என்றால் திட்டு: சிறுபிள்ளைத்தனம். அப்ரைசல் ஃபார்மில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் வம்புதான்.

8. பேச்சுத் துணுக்கு: 'இட் வாஸ், லைக், சோ போரிங்'. எடுத்துவிட்டாலும் வாக்கியத்தின் பொருள் மாறாது.

இன்டர்வியூவில் எங்கே சறுக்குகிறது?

'வாட் வாஸ் யுவர் லாஸ்ட் மேனேஜர் லைக்?'

இந்தக் கேள்விக்கு 'ஹி லைக்ஸ் கிரிக்கெட்' என்று பதில் சொன்னால் காலி. கேட்டது, அவருக்கு என்ன பிடிக்கும் என்பதல்ல. அவர் எப்படிப்பட்டவர் என்பது. இங்கே 'லைக்' வினைச்சொல் கிடையாது, முன்னிடைச்சொல். 'அவர் எதைப் போன்றவர்?' என்பதுதான் கேள்வியின் நேரடிப் பொருள்.

கேள்விக்குள் எந்தத் துணைவினை இருக்கிறது என்று பார்த்தாலே போதும். 'வாட் இஸ் ஹி லைக்' என்றால் குணம். 'வாட் டஸ் ஹி லைக்' என்றால் விருப்பம். 'வாட் டஸ் ஹி லுக் லைக்' என்றால் தோற்றம். 'ஹவ் இஸ் ஹி' என்றால் உடம்பு எப்படி, நலமா என்ற விசாரிப்பு.

தமிழர்களுக்கு இதில் ஏன் குழப்பம்? காரணம் நம்ம 'எப்படி'. 'உங்க மேனேஜர் எப்படி?' என்ற ஒரே கேள்வியில் குணமும் அடக்கம், 'எப்படி இருக்கார்?' என்றால் நலமும் தோற்றமும் அடக்கம். அந்தப் பழக்கத்தில் புது ஆபீசில் சேர்ந்த நண்பரிடம் 'ஹவ் இஸ் யுவர் மேனேஜர்?' என்று கேட்போம். நமக்குள் புரிந்துவிடும். ஆனால் வெளிநாட்டு சக ஊழியரிடம் இப்படிக் கேட்டால், மேனேஜருக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர் யோசிக்க வாய்ப்பிருக்கிறது.

'ஐ லைக் டு நோ' சரியா?

கிளையன்டுக்குப் போகும் மெயில்களில் அடிக்கடி வரும் வரி: 'ஐ லைக் டு நோ தி ஸ்டேட்டஸ்.' ஸ்டேட்டஸ் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்பதுதான் எழுதியவரின் எண்ணம். ஆனால் வாசிப்பவருக்கு, 'ஸ்டேட்டஸ் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கும்' என்று ஒரு ஹாபியைச் சொல்வது மாதிரி தொனிக்கும்.

'ஐ லைக்' என்பது எப்போதும் உள்ள விருப்பம். 'ஐ உட் லைக்' என்பது இப்போது வைக்கும் வேண்டுகோள். 'டூ யூ லைக் காபி?' என்றால் காபி பிடிக்குமா. 'உட் யூ லைக் காபி?' என்றால் காபி சாப்பிடுறீங்களா. மீட்டிங்குக்குக் கூப்பிடும்போது 'டூ யூ லைக் டு ஜாயின்?' என்று எழுதுவதைவிட 'உட் யூ லைக் டு ஜாயின்?' என்பதுதான் அழைப்பு.

இன்னொன்று 'ஐ ஆம் லைக்கிங் இட்'. பிடிப்பது, தெரிவது, நம்புவது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அதனால் இலக்கணப் புத்தகங்கள் இவற்றை 'இங்' சேர்த்து எழுத வேண்டாம் என்கின்றன. இந்திய ஆங்கிலத்தில் இந்த அமைப்பு அதிகம் புழங்குகிறது. விளம்பரங்களிலும் சாட்டிலும் உலகம் முழுக்கவே இது சகஜமாகிவிட்டது. ஆனால் ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களும் ஃபார்மல் மெயில் போடுபவர்களும் 'ஐ லைக் இட்' என்று நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

'இஃப் யூ லைக்' என்ற பதிலும் கவனிக்க வேண்டியது. 'ஷால் வி மீட் அட் ஃபோர்?' என்று டீம் லீட் கேட்கும்போது 'இஃப் யூ லைக்' என்று போட்டால், 'உங்க இஷ்டம்' என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னதாகத் தோன்றலாம். அதேபோல 'தி லைக்ஸ் ஆஃப் யூ' என்பது 'உங்களை மாதிரி ஆளுங்க' என்று இளக்காரமாக ஒலிக்கக்கூடிய தொடர்.

'லைக்'குக்கும் 'ஆஸ்'ஸுக்கும் என்ன வித்தியாசம்?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது ரொம்ப ஈசி. 'லைக்' என்றால் 'போல'. 'ஆஸ்' என்றால் 'ஆக'.

'லைக் யுவர் மேனேஜர், ஐ வான்ட் திஸ் பை ஃபிரைடே' என்று எழுதினால், உங்க மேனேஜரைப் போலவே நானும் இதை வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன் என்று அர்த்தம். 'ஆஸ் யுவர் மேனேஜர்' என்று எழுதினால், உங்கள் மேனேஜராக நான் கேட்கிறேன் என்று அர்த்தம். ஒரே ஒரு சொல் மாறியதில் மேனேஜரே வேறு ஆளாகிவிட்டார்!

மேலே சொன்ன அந்த இலக்கணச் சண்டைக்கு வருவோம். 1954இல் அமெரிக்காவில் ஒரு சிகரெட் விளம்பர வாசகத்தில், முழு வாக்கியத்தை இணைக்கும் இடத்தில் 'ஆஸ்' போடாமல் 'லைக்' போட்டுவிட்டார்கள். இலக்கண ஆர்வலர்கள் கொதித்துப் போனார்கள். நிறுவனமோ அந்தக் கோபத்தையே அடுத்த விளம்பரத்துக்குக் கருவாக்கிக்கொண்டது. அடுத்து 1961இல் வெளிவந்த வெப்ஸ்டர் மூன்றாம் பதிப்பு அகராதி, இப்படிப் பேச்சில் புழங்கும் பயன்பாடுகளைத் தள்ளாமல் பதிவு செய்ததற்காகக் கடும் விமர்சனத்தைச் சந்தித்தது. இன்றைய நிலை என்ன? பேச்சில் யாரும் கண்டுகொள்வதில்லை. ரிப்போர்ட், கவர் லெட்டர், தேர்வுத்தாள் என்றால் 'ஆஸ்'தான் சேஃப்.

'சென்னை போன்ற நகரங்கள்': சென்னை உள்ளேயா, வெளியேயா?

இந்தப் பொறி தமிழிலும் உண்டு. ஒரு கம்பெனி பாலிசியில் 'சிட்டீஸ் லைக் சென்னை'யில் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படி அதிகம் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னை ஊழியர்களுக்கு அது உண்டா? பெரும்பாலானோர் 'உண்டு' என்றுதான் படிப்பார்கள். ஆனால் கறாராகப் படித்தால் 'சென்னையை ஒத்த மற்ற நகரங்கள்' என்று வாதாட இடமிருக்கிறது. மதுரை ஊழியர் 'எங்க ஊரும் சென்னை மாதிரிதானே?' என்றும் கேட்கலாம்.

'சச் ஆஸ்' என்று போட்டால் சென்னை ஓர் உதாரணம் என்பது தெளிவு. மதுரை சேருமா என்ற கேள்வி அப்போதும் பாக்கி இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிவிடுவதே உத்தமம். ஆஃபர் லெட்டரில் இப்படி ஒரு 'லைக்' கண்ணில் பட்டால், கையெழுத்துக்கு முன்பே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பழைய போன், லேப்டாப் வாங்கும்போது வரும் 'லைக் நியூ'வும் இதே ரகம்தான். புதிது போன்றது என்றால் புதிது இல்லை என்றுதான் பொருள். வாரண்டி, பேட்டரி ஹெல்த் இரண்டையும் தனியாகக் கேட்பது நல்லது.

'ஷி வாஸ் லைக்' என்பது தப்பான ஆங்கிலமா?

'லைக்' அடிக்கடி போட்டுப் பேசுபவர்களை 'படிக்காத பசங்க மாதிரி பேசுறாங்க' என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. 1980களில் கலிஃபோர்னிய டீன்ஏஜ் பெண்கள் தொடங்கிவைத்த பழக்கம் என்றும் சொல்வார்கள். மொழியியல் ஆய்வாளர்கள் இதை முழுசா ஏற்பதில்லை.

வாக்கியத்தின் ஓரத்தில் சும்மா ஒட்டிக்கொள்ளும் 'லைக்', 1778இல் ஃபேனி பர்னி எழுதிய 'எவலினா' நாவலிலேயே இருக்கிறது. கனடாவில் பணியாற்றும் மொழியியலாளர் அலெக்ஸாண்ட்ரா டார்சி, இந்த ஒரு சொல்லின் 800 ஆண்டு வரலாற்றை மட்டும் வைத்து 2017இல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார்.

அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லும் 'ஷி வாஸ் லைக்' மட்டும் ஒப்பீட்டளவில் புதியது. அமெரிக்க மொழியியல் இதழ் ஒன்றில் 1982இல் ரொனால்ட் பட்டர்ஸ் இதைப் பற்றி எழுதினார். இதற்கென்று ஒரு தனி வேலை இருக்கிறது. 'ஷி செட்' என்றால் அவள் வாயால் சொன்னது. 'ஷி வாஸ் லைக்' என்றால் வாயால் சொன்னதாகவும் இருக்கலாம், முகத்தில் காட்டியதாகவும் இருக்கலாம், மனதுக்குள் நினைத்ததாகவும் இருக்கலாம்.

தமிழில் இது இல்லையா என்ன? 'அவ, நிஜமாவா?ங்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தா' என்று நாமும்தான் சொல்கிறோம். அந்த 'ங்கிற மாதிரி'தான் ஆங்கிலத்தின் 'வாஸ் லைக்'. நண்பர்களிடம் தாராளமாகப் பேசலாம். ஆனால் ஆபீஸ் புகார், போலீஸ் வாக்குமூலம், மீட்டிங் மினிட்ஸ் என்று வரும்போது, ஒருவர் சொன்னாரா அல்லது சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாரா என்பது முக்கியம். அங்கே 'செட்' என்று திட்டமாக எழுதுவதுதான் சரி.

பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?

ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது 2009 பிப்ரவரியில். உருவாக்கும்போது நிறுவனத்துக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஆசம்' பட்டன். அதன் பிறகு 'லைக்' என்ற சொல்லுக்குப் பெயர்ச்சொல்லாகவே ஒரு புது வாழ்க்கை கிடைத்தது. 'அன்லைக்' என்பதும் 'போட்ட லைக்கைத் திரும்ப எடுப்பது' என்ற புதுப் பொருளில் வினைச்சொல்லாகப் பரவியது. தமிழில் நாம் இதை நேரடி வினையாக எடுத்துக்கொள்ளவில்லை. 'லைக் பண்ணு', 'லைக் போடு' என்று நம்ம வினையோடு சேர்த்துக்கொண்டோம்.

சிக்கல் என்னவென்றால், பட்டனில் உள்ள 'லைக்'குக்கு உண்மையில் 'பிடிக்கும்' என்றுதான் அர்த்தமா? இறப்புச் செய்திக்கும் லைக் விழுகிறது. 'பார்த்துட்டேன்' என்பதற்கும் லைக்தான். இந்தக் குழப்பத்தைக் குறைக்க 2016இல் ஃபேஸ்புக் சோகம், கோபம் எனத் தனித்தனி ரியாக்‌ஷன்களைக் கொண்டுவந்தது. ஆனாலும் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், 2009 ஷெரிஃப் தேர்தலின்போது போட்டி வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்தை லைக் செய்த ஊழியர் ஒருவர், தேர்தலுக்குப் பிறகு வேலை இழந்தார். 'வெறும் லைக் பேச்சாகாது' என்றது கீழ் நீதிமன்றம். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: வீட்டு வாசலில் வேட்பாளரின் பெயர்ப் பலகையை நட்டுவைப்பது எப்படியோ, லைக்கும் அப்படித்தான், அதற்குக் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது.

இந்தியாவில் 2025 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், ஒரு பதிவை லைக் செய்வது மட்டுமே அதை வெளியிடுவதோ பரப்புவதோ ஆகாது என்று கூறியது. ஆனால் ஷேர் செய்வது, ரீட்வீட் செய்வது வேறு கணக்கு. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும், ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

லைக்கின் தம்பியான கட்டைவிரல் எமோஜி இன்னும் காஸ்ட்லி. கனடாவில் விவசாயி ஒருவர், மெசேஜில் வந்த ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்துக்குக் கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினார். 'ஒப்பந்தம் கிடைத்தது என்றுதான் சொன்னேன்' என்பது அவர் வாதம். 'அது கையெழுத்துக்குச் சமம்' என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. டெட்லைன், பட்ஜெட், விலை பேசும் சாட்டில் 'பார்த்துட்டேன், யோசித்துச் சொல்கிறேன்' என்பதை ஒரு வரியில் டைப் செய்துவிடுவது, விரலைத் தூக்குவதைவிட எவ்வளவோ மேல்.

குழப்பம் வந்தால் 10 விநாடி டெஸ்ட்

ஒரு வாக்கியத்தில் 'லைக்' வந்தால், அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

'பிடிக்கும்' பொருந்தினால் அது வினைச்சொல். வேண்டுகோள் வைக்கிறீர்கள் என்றால் மறக்காமல் 'உட்' சேருங்கள்.

'போல', 'மாதிரி' பொருந்தினால் அது ஒப்பீடு. 'ஆக' பொருந்தினால் உங்களுக்குத் தேவை 'ஆஸ்'.

'உதாரணமாக' பொருந்தினால் 'சச் ஆஸ்' என்று மாற்றுங்கள்.

'ன்னான்', 'ன்னா' பொருந்தினால் அது பேச்சு வழக்கு. சாட்டில் ஓகே, ரிப்போர்ட்டில் வேண்டாம்.

எதுவுமே பொருந்தவில்லையா? அழித்துவிட்டு வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பொருள் மாறவில்லை என்றால், மெயிலை அப்படியே அனுப்பலாம்.